4கே, 8கே பெட்டி: படம் வர்றதுக்கு முன்னாடியே வாங்கோணுமா?

#1 நொய்யல்கரை

கோயமுத்தூரு, திருப்பூரு, ஈரோடு, எங்க போய் ஸ்ட்ரீமிங் பெட்டி கேட்டாலும் கடைக்காரர் மொதல்ல எடுத்து வெக்கறது 4கே, அதாவது அகலத்துல நாலாயிரத்துக்குக் கிட்ட புள்ளி காட்டறது. சில கடைல அட்டை மேல "8கே"ன்னு தங்கக் கலர்ல அடிச்சதையும் நீட்டறாங்க. ஆனா பாதி வீட்டுல ஓடறது கேபிள்ல வர்ற எஸ்டி (பழைய, தெளிவு கொறைஞ்ச) சேனலும் யூடியூப்பும்தான். ஓடிடில வர்ற தமிழ்ப் படம் பூராவும் 4கேல வர்றதில்லைங்க. வந்தாலும் அதுக்குத் தனி பிளான். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பர்ல வெலை கொறைச்சப்பக்கூட 1080க்கு 499, 4கேக்கு 649ன்னு பிரிச்சுத்தான் வெச்சாங்க.

கெணத்துல தண்ணி ஊர்றதுக்கு முன்னாடியே பத்து எச்பி மோட்டார எறக்கி வெச்ச மாதிரி இருக்குது. பெட்டி செய்யறவங்க ரெசல்யூஷனை (புள்ளி எண்ணிக்கைய) ஏத்தி வெச்சுட்டு படம் வரட்டும்னு காத்திருக்கறது நியாயமா? அந்த முட்டுவழிச் செலவ வாங்கறவங்க எதுக்குச் சொமக்கோணும்? கணக்கோட பேசுங்க. "சூப்பரா இருக்கும், வாங்குங்க"ங்கற பதில் வேண்டாமுங்க.

#2 கிராஸ்கட்_ரோடு

நியாயந்தானுங்க. பெட்டிக்குள்ள வீடியோவைப் பிரிச்சுக் குடுக்கற டிகோடர் சிப்புலயே செதுக்குன சமாச்சாரம். அப்டேட் வந்தா மெனு மாறும், செயலி மாறும். வன்பொருள் டிகோடர் மாறாது. எச்டிஎம்ஐ வெளியீடும் அப்படித்தான். வாங்குன அன்னைக்கு எது இருக்குதோ அதுதான் கடைசி வரைக்கும்.

ஆப்பிள் டிவிய எடுத்துக்கங்க. 2007ல வந்த மொதல் பெட்டி 720பி, அதாவது உயரத்துல 720 வரி. 2010ல வந்ததும் 720பி. 2012லதான் 1080பி. 2015ல நாலாவது பெட்டி வந்தப்ப மறுபடி அதே கூத்து, 4கே கெடையாது. யூடியூப்ல 4கே 2010லயே வந்தாச்சு. நெட்ஃபிளிக்ஸ் 2014ல ஆரம்பிச்சாச்சு. அதே 2015ல அமேசானும் ரோக்குவும் 4கே பெட்டி விட்டுட்டாங்க. ஆப்பிள் குடுத்தது 2017ல. நடுவுல வாங்குனவங்க ரெண்டே வருசத்துல பழைய பெட்டிக்காரர் ஆயிட்டாங்க.

இன்னொன்னு. 4கே மாஸ்டர் (படத்தோட மூலப் பிரதி) செய்யச் செலவாகும். அதைப் பாக்கற வசதி எத்தனை வீட்டுல இருக்குதுன்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் படக்காரன் அந்தக் காசைப் போடுவான். பெட்டிக்காரன் படம் வரட்டும்னு குந்திக்கிட்டா ரெண்டு பேரும் குந்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

#3 சென்னிமலையான்

கண் கணக்கைப் பார்க்காமல் பேசுகிறீர்கள் தம்பி.

சாதாரணப் பார்வை பிரித்தறியும் எல்லை 1 ஆர்க் நிமிடம், அதாவது ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. அதை வைத்துப் பார்த்தால், 1080 வரித் திரையில் தனிப் புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் போகும் தூரம் திரை உயரத்தைப் போல 3.2 மடங்கு. 4கேக்கு 1.6 மடங்கு, 8கேக்கு 0.8 மடங்கு.

43 அங்குல டிவியின் உயரம் 53 செ.மீ. சொச்சம். ஆக 1080க்கு எல்லை 1.7 மீட்டர், ஐந்தரை அடி. அதற்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் 4கே கொடுக்கும் கூடுதல் புள்ளிகள் கண்ணில் சேராது. 55 அங்குலத்துக்கு இந்த எல்லை 7 அடி, 65க்கு எட்டரை அடி. நம் பக்கத்து வீடுகளில் ஆசாரத்தில் (முன்கூடத்தில்) டிவி ஒரு சுவரில், கட்டிலோ சோபாவோ எதிர்ச் சுவரில். நடுவில் 10, 12 அடி இருக்கும். அந்தத் தூரத்தில் 43 அங்குலத்துக்கு 720பியே போதும், அதன் எல்லை 8.4 அடிதான். 8கேயின் முழுப் பலனை 65 அங்குலத்தில் பார்க்க வேண்டுமானால் திரைக்கு இரண்டடியில் உட்கார வேண்டும்.

பெட்டியில் 4கே போடுவதற்கு முன், நாற்காலியை முன்னால் இழுத்துப் போடச் சொல்லுங்கள்.

#4 கூடுதுறை

எஸ்டி கணக்கையும் சேத்துக்கங்க. நம்ம நாட்டு எஸ்டி 720×576, அதாவது 4,14,720 புள்ளி. 4கே 3840×2160, அதாவது 82,94,400. சரியா 20 மடங்கு. கேபிள்ல வர்ற ஒவ்வொரு புள்ளிக்கும் 4கே டிவி 19 புள்ளிய சொந்தமாக் கற்பனை பண்ணித்தான் ரொப்புது. அரசு கேபிள்ல 2017ல இருந்து குடுத்த பெட்டி பெரும்பாலும் எஸ்டிதான். மொகமெல்லாம் மெழுகு பூசுன மாதிரி தெரியறதுக்குக் காரணம் இதுதான், டிவி கெட்டுப்போகலைங்க.

#5 கிராஸ்கட்_ரோடு

@சென்னிமலையான் அண்ணா, உங்க கணக்கு சரி. ஆனா அது அமுக்காத, சுத்தமான படத்துக்கான கணக்குங்க. ஓடிடில வர்றது அமுக்குன படம். பிட்ரேட் (நொடிக்கு வர்ற தகவல் அளவு) பத்தலைன்னா ஹெச்.264ங்கற அமுக்கற முறை படத்தைக் கட்டங்கட்டமா ஒடைக்கும். மேக்ரோபிளாக்குங்கறது 16×16 புள்ளி. அது 10 அடில நல்லாவே தெரியும். மழை, தூசி, கோயில் திருவிழாக் கூட்டம், இருட்டுல நடக்கற சண்டை, இதுல எல்லாம் 1080 ஓடை (ஸ்ட்ரீம்) திணர்றதைப் பாக்கலாம்.

நெட்ஃபிளிக்ஸ் சொல்ற இணைய வேகம் 1080க்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15. மூணு மடங்கு. புள்ளிக்காக இல்லாட்டியும் பிட்டுக்காக 4கே ஓடை நல்லாருக்குது.

நெறத்தையும் பாக்கோணும். ஓடிடி வீடியோ 4:2:0. வெளிச்ச விவரம் முழு அளவுல இருக்கும், நெற விவரம் அகலத்துல பாதி, உயரத்துல பாதி. 1080 ஓடைல நெறம் 960×540தான். 4கே ஓடைல நெறமே 1920×1080. செவப்புச் சேலைக் கரை, பச்சை எழுத்து, இதோட ஓரமெல்லாம் எங்க பிசிறுது, எங்க பிசிறலைன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத் தெரியும்.

#6 சென்னிமலையான்

அப்படியானால் நீங்கள் கேட்பது பிட்ரேட், ரெசல்யூஷன் அல்ல. 1080ஐயே 10 எம்பிபிஎஸ்ஸில் கொடுத்தால் முடிந்தது. யூடியூப் 2023இல் சந்தாதாரர்களுக்குக் கூடுதல் பிட்ரேட்டில் 1080 கொடுக்கத் தொடங்கியதே, அதே வழி. 4கே என்ற எழுத்து எதற்கு?

#7 கிராஸ்கட்_ரோடு

மத்த கம்பெனிக்காரங்களும் குடுத்தா சந்தோசம். குடுக்க மாட்டேங்கறாங்களே அண்ணா. நல்ல பிட்ரேட்டையும் எச்டிஆரையும் (வெளிச்சம், இருட்டு, நெறத்தை இன்னும் விரிவாக் காட்டற முறை) 4கே பிளானோட சேத்துக் கட்டித்தானே விக்கறாங்க.

#8 ஊத்துக்குளி_வெண்ணெய்

ரெண்டு பேருமே ரெசல்யூஷனைப் புடிச்சுத் தொங்கறீங்க. பெட்டில முன்கூட்டியே இருக்க வேண்டியது புள்ளி எண்ணிக்கை இல்லைங்க, கோடெக், அதாவது படத்தை அமுக்கிப் பொட்டலம் கட்டற முறை. படம் பின்னாடி வர்றப்ப எந்தப் பொட்டலத்துல வரும்னு தெரிஞ்சு, அதைப் பிரிக்கற டிகோடர் உள்ள இருக்கோணும். அது இல்லாத 4கே பெட்டி வெறும் அட்டைதான்.

2017 ஆப்பிள் டிவி 4கே. நெம்ப வேகமான சிப். ஆனா கூகுளோட விபி9 கோடெக்குக்கு எடமில்லை. யூடியூப் 4கேவ விபி9லதான் குடுத்துச்சு. உலகத்துலயே பெரிய 4கே குவியல் அந்தப் பெட்டில 1080லதான் ஓடுச்சு. 2020ல டிவிஓஎஸ் 14ங்கற ஆப்பிள் டிவி மென்பொருள் வந்தப்பறந்தான் வழி பொறந்துச்சு. மூணு வருசம்! படம் இருந்துச்சு, புள்ளி இருந்துச்சு, பொட்டலம் பிரிக்க ஆளில்லை.

2015ல வந்த அமேசான் 4கே பெட்டி. @கிராஸ்கட் பெருமையாச் சொன்னதேதான். 4கேல நொடிக்கு 30 பிரேம்தான் போகும், எச்டிஆர் கெடையாது. அதே வருச ரோக்கு 4ல 60 பிரேம் வந்துச்சு, எச்டிஆர் அதுலயும் இல்லை. நெசமான 4கே சரக்கு எச்டிஆரோட வர ஆரம்பிச்சதும் அவசரப்பட்டவங்க பெட்டி ரெண்டும் பின்தங்கிப் போச்சு. ஆக, முன்னாடியே ஓடறதுலயும் பாதி ஓட்டம் ஓடுனா நட்டம்.

2020ல கூகுள் குரோம்காஸ்ட் 4கே. ஏவி1 கோடெக் 2018லயே வந்தாச்சு. அதுக்குப் பின்னால எல்லாரையும் சேத்து நின்னதுல கூகுளே முக்கியமான ஆளு. ஆனா அவங்க பெட்டில வன்பொருள் ஏவி1 இல்லை. 2022ல வந்த சல்லீசான எச்டி குரோம்காஸ்ட்ல இருக்குது! 1080 பெட்டி கோடெக்குல முன்னாடி, 4கே பெட்டி பின்னாடி. பேரை மட்டும் பாத்து வாங்கறவங்க இதை எங்க கண்டுபிடிக்கறது?

ஏவி1 இல்லைன்னா இன்னைக்கு எதுவும் நின்னுபோகாது, அதையும் சொல்லிடறேன். யூடியூப் விபி9ல குடுக்கும், நெட்ஃபிளிக்ஸ் ஹெச்இவிசிங்கற கோடெக்ல குடுக்கும். ஆனா அதே தரத்துக்கு பிட் எச்சா செலவாகும். நெட்ஃபிளிக்ஸ் 2021 நவம்பர்லயே டிவிகளுக்கு ஏவி1 அனுப்ப ஆரம்பிச்சிருச்சு. இன்னும் அஞ்சு வருசம் வெச்சிருக்கப் போற பெட்டின்னா ஏவி1 இருக்கறதைத்தான் எடுக்கோணும்.

#9 நொய்யல்கரை

ஒத்துக்கறேனுங்க. அப்ப அந்த "8கே" அட்டைப் பெட்டி? 8 ஜிபி ரேம்னு வேற போட்டிருக்குது, வெலை பிராண்டட் ஸ்டிக்குல பாதி.

#10 ஊத்துக்குளி_வெண்ணெய்

அட்டைய திருப்பி எச்டிஎம்ஐ எத்தனைன்னு பாருங்க. 2.0ன்னு போட்டிருந்தா அங்கயே வெச்சுட்டு வந்துருங்க. எச்டிஎம்ஐ 2.0 தாங்கறது 18 ஜிபிபிஎஸ், 4கே 60 பிரேமோட சரி. 8கே 60க்கு 2.1 வேணும், 48 ஜிபிபிஎஸ். 2.0 வழியா 8கே வெளிய வராது. அதிகபட்சம் சிப்பு உள்ளுக்குள்ள பெரிய ஃபைலைப் பிரிச்சு, சுருக்கி, 4கேயா அனுப்பும். அதைத்தான் "8கே டிகோட்"னு எழுதிக்கறாங்க.

வாங்கியே ஆச்சுன்னா சோதிக்கற முறை:

மொதல்ல டிஆர்எம் இன்ஃபோன்னு ஒரு சின்னச் செயலி போட்டு வைட்வைன் (ஓடிடி படத்தைக் காப்பியடிக்காமக் காக்கற பூட்டு) பகுதில செக்யூரிட்டி லெவல் பாருங்க. எல்1 வேணும். எல்3ன்னா காசு கட்டுற ஓடிடி பெரும்பாலும் எஸ்டிலதான் ஓடும், யூடியூப் மட்டும் ஜோரா 4கேல ஓடும். கடைல ஓட்டிக் காட்டறதும் யூடியூப்தான், கவனிங்க. எல்1 இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் தனியா சான்று குடுத்த மாடலா இருக்கோணும். இல்லாட்டி அவங்க எச்டியே தர மாட்டாங்க.

யூடியூப்ல ஒரு 4கே வீடியோ ஓட்டி, பல்சக்கரத்துக்குள்ள "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" போடுங்க. கோடெக்னு ஒரு வரி வரும். ஏவி01ன்னா ஏவி1, விபி09ன்னா விபி9, ஏவிசி1ன்னா பழைய ஹெச்.264. கீழ ட்ராப் ஆன பிரேம் எண்ணிக்கையப் பாருங்க. ஏவி01ன்னு காட்டி அந்த எண்ணு கடகடன்னு ஏறுச்சுன்னா வன்பொருள் டிகோடர் இல்லை, சிபியுவே மூச்சு வாங்கிட்டு செய்யுதுன்னு அர்த்தம். கையில தொட்டாப் பெட்டி சுடும்.

ரேம் 8 ஜிபிங்கறது மென்பொருள்ல எழுதி வெச்ச பொய்யா இருக்கும். நாலு செயலிய ஒட்டுக்காத் தொறந்து, மொதல்ல தொறந்ததுக்குத் திரும்பிப் போங்க. அது மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சா உள்ள 1, 2 ஜிபிக்கு மேல இல்லை.

எல்லாத்தையும் விட முக்கியம்: 2023ல இந்த மாதிரி பேரில்லாத ஆண்ட்ராய்டு பெட்டி சிலதுல, கடைக்கு வரும்போதே உள்ள தீநிரல் (மால்வேர்) இருந்தது அம்பலமாச்சு. அதுல கூகுள் அக்கவுண்டும் ஓடிடி கார்டும் போடறது நல்லதில்லைங்க. ஃபேக்டரி ரீசெட் போட்டாலும் போகாது, ஃபர்ம்வேர்ங்கற அடிப்படை மென்பொருள்லயே இருக்கும்.

#11 பொள்ளாச்சிக்_காத்து

பிராண்டட் 4கே ஸ்டிக், 4கே டிவி, எல்1 எல்லாம் சரி. 1080 படம் நல்லா ஓடுது. 4கே எச்டிஆர் படம் போட்டா ஒரு நொடி கருப்பாகி வருது, சில நேரம் ஸ்டிக்கே ரீஸ்டார்ட் ஆகுது. பெட்டி கோளாறா?

#12 கிராஸ்கட்_ரோடு

ரெண்டு வெவ்வேற நோவு அது. பிரிச்சுப் பாருங்க.

ரீஸ்டார்ட் ஆகறது கரண்டு பத்தாம. ஸ்டிக்கை டிவியோட யுஎஸ்பி ஓட்டைல சொருகியிருப்பீங்க. யுஎஸ்பி 2.0 ஓட்டை குடுக்கறது 5 வோல்ட்டு, அரை ஆம்பியர், அதாவது ரெண்டரை வாட். 4கே ஸ்டிக்கோட வர்ற அடாப்டர் 5 வோல்ட்டு 1 ஆம்பியர். 1080 ஓட்டறப்ப சமாளிக்கும். 4கே எச்டிஆர்ல டிகோடரும் வைஃபையும் சேந்து இழுக்கறப்ப வோல்டேஜ் படுத்துக்கும். கூட வந்த அடாப்டரையும் கூட வந்த ஒயரையும் போடுங்க. மெலிசான மூணு மீட்டர் சார்ஜர் ஒயர் போட்டீங்கன்னா அடாப்டர் சரியா இருந்தாலும் முனைல 5 வோல்ட்டு வராது.

கருப்பாகி வர்றது எச்டிஎம்ஐ. டிவில எந்த ஓட்டைல இருக்குதுன்னு பாருங்க. சல்லீசான 4கே டிவில எல்லா ஓட்டையும் 2.0 கெடையாது. அப்பறமேட்டு, டிவி செட்டிங்ல அந்த ஓட்டையத் தொறந்து விடோணும், கம்பெனிக்கு ஒரு பேரு: சாம்சங்ல இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜில எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர், சோனில சிக்னல் ஃபார்மட்டை என்ஹான்ஸ்டுன்னு மாத்தறது. மூடி இருந்தா எச்டிஆரே வராது, வந்தாலும் 30 பிரேம்.

அதுவும் சரின்னா கேபிள். 4கே 60, 10 பிட், 4:2:2ன்னா (நெறம் அகலத்துல மட்டும் பாதி) கிட்டத்தட்ட முழு 18 ஜிபிபிஎஸ்ஸும் போகுது. பழைய கேபிள்ல வெள்ளைப் புள்ளி தெறிக்கும், நொடிக்கணக்கா கருப்பாகும். பெட்டில 4:2:0 10 பிட்னு மாத்திப் பாருங்க, தேவை 11 ஜிபிபிஎஸ்ஸுக்கு எறங்கிரும். நின்னுபோச்சுன்னா கேபிள்தான் காரணம். படத்தோட மூலமே 4:2:0ங்கறதால ஓடிடில வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கேபிள் வாங்கறப்ப "பிரீமியம் ஹை ஸ்பீடு"ன்னு ஸ்டிக்கர் ஒட்டுனதா வாங்குங்க, முடிஞ்ச வரைக்கும் 3 மீட்டருக்குள்ள. 5 மீட்டரைத் தாண்டுனா சாதாரண செம்புக் கேபிளை நம்ப முடியாது.

நடுவுல பழைய ஆம்ப், சவுண்ட்பார் ஏதாச்சும் இருந்தா அதைக் கழட்டிட்டுப் பாருங்க. 4கே ஓடிடிக்கு எச்டிசிபி 2.2ங்கற காப்பிப் பூட்டு வேணும். சங்கிலில ஒரு கண்ணி 1.4ஆ இருந்தாலும் பெட்டி 1080க்கு எறங்கிரும், இல்ல கருப்பாயிரும். ஆம்ப்பை மாத்தறதுக்குப் பதிலா, பெட்டிய நேரா டிவில போட்டு, சத்தத்தை மட்டும் ஏஆர்சி (டிவியோட எச்டிஎம்ஐ ஓட்டைல இருந்தே சத்தத்தைத் திருப்பி அனுப்பற வசதி) வழியா ஆம்ப்புக்கு அனுப்புங்க. ஆப்டிக்கல் வழியா அனுப்புனா டால்பி டிஜிட்டல் 5.1 வரைக்குந்தான். டால்பி டிஜிட்டல் பிளஸ்ல வர்ற அட்மாஸ் வேணும்னா ஏஆர்சி.

#13 பொள்ளாச்சிக்_காத்து

அடாப்டர் மாத்துனதுல ரீஸ்டார்ட் நின்னுடுச்சுங்ணா. நன்றிங்க.

#14 சென்னிமலையான்

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள். டிவி சுவரில் எச்டிஎம்ஐக்கு முக்கால் அங்குல பைப் பதித்துவிட்டுப் பிறகு அழுகிறார்கள். எச்டிஎம்ஐ கேபிளின் தலை, பிளாஸ்டிக்கோடு சேர்த்து இரண்டு செ.மீ. அகலம் இருக்கும், முக்கால் அங்குலத்தில் திரும்பாது. ஒன்றேகால் அங்குலம் போட்டு, மூலையில் எல்போ வைக்காமல் நீளமான பெண்டு வைத்து, உள்ளே ஒரு இழுவைக் கயிறு விட்டு வையுங்கள். கேபிள் ஐந்து வருடத்தில் மாறும், சுவர் மாறாது. கூடவே டிவிக்கு ஒரு லேன் ஒயரும் இழுத்துவிடுங்கள்.

ரெசல்யூஷனில் முன்கூட்டியே செலவு செய்ய எனக்கு உடன்பாடு உள்ள ஒரே இடம் இந்தப் பைப்தான்.

#15 அமராவதிக்கரை

லேன் பத்திப் பேச்சு வந்ததால நெட் கணக்கு.

15 எம்பிபிஎஸ்னா மணிக்கு 6.75 ஜிபி. ரெண்டே முக்கால் மணி நேரத் தமிழ்ப் படம் 18 ஜிபிக்கு மேல. 5 எம்பிபிஎஸ் 1080ல அதே படம் 6 ஜிபி சொச்சம். ஃபைபர்ல 3300 ஜிபி மாச வரம்பு இருக்கற பிளான்னா இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. போன் ஹாட்ஸ்பாட்ல நாளைக்கு 2 ஜிபி வெச்சிருக்கறவங்களுக்கு 4கே 18 நிமிசத்துல தீந்துரும். தோட்டத்து வீட்டுல ஃபைபர் வராதவங்க 4கே பெட்டி வாங்குனாலும் செட்டிங்ல 1080னு கட்டிப் போட்டுருங்க.

பிளான் 100 எம்பிபிஎஸ்ங்கறதும் டிவிகிட்ட வர்றதும் வேற. ஃபைபர் மோடத்தை வாசல் பக்கம், ஒயர் நொழையற எடத்துலயே ஆணி அடிச்சு மாட்டிருவாங்க. நடுவுல ரெண்டு ஒம்போதங்குல செவுரு, ஒரு ஸ்டீல் பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டறதுக்குள்ள செத்துரும். 2.4ல பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் மோதும், பொழுதோட எட்டு மணிக்கு மேல பாதி வேகந்தான். ஸ்டிக் டிவிக்குப் பின்னாடி, உலோகத் தகட்டுக்கு ஒட்டி ஒளிஞ்சிருக்கும், அது வேற. பெட்டியோட வர்ற குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பைப் போட்டு ஸ்டிக்கை டிவி ஓரத்துக்கு இழுத்து விட்டாலே சிக்னல் ஏறும்.

சோதிக்கறது போன்ல இல்லை, பெட்டிலயே. பிரவுசர்ல ஃபாஸ்ட் டாட் காம் போட்டு ராத்திரி ஒம்போது மணிக்குப் பாருங்க. 25க்கு மேல நெலையா நின்னாப் போதும்.

ஸ்டிக்குக்கு லேன் அடாப்டர் வாங்கறவங்க கவனிங்க, பெரும்பாலும் அது 100 எம்பிபிஎஸ்தான். ஓடிடிக்குத் தாராளம். ஆனா ஹார்டு டிஸ்க்ல 4கே புளூரே அப்படியே காப்பி வெச்சு நெட்வொர்க்ல ஓட்டறவங்களுக்குப் பத்தாது, அந்த வட்டு 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டித் துள்ளும். அவங்களுக்கு கிகாபிட் லேன் இருக்கற பெட்டி வேணும்.

#16 கூடுதுறை

ரெசல்யூஷனை விடக் கண்ணை உறுத்தறது பிரேம் கணக்கு. அதை யாரும் பேச மாட்டேங்கறீங்க. நம்ம நாட்டு ஒளிபரப்பு 25/50. சினிமா 24. பெட்டி பெரும்பாலும் அமெரிக்கக் கணக்குல 60ல வந்து குந்திக்கும். 50ஐ 60ல திணிச்சா, நொடிக்குப் பத்து பிரேமை ரெண்டு தடவை காட்டோணும். பந்து எல்லைக்கு ஓடறப்ப வெட்டி வெட்டிப் போறது அதனாலதான், நெட் மேல பழி போடாதீங்க.

ஆப்பிள் டிவில மேட்ச் கன்டென்ட்ங்கற எடத்துல பிரேம் ரேட், டைனமிக் ரேஞ்ச் ரெண்டையும் ஆன் பண்ணிட்டு, அடிப்படை ஃபார்மட்டை 4கே எஸ்டிஆர்னு (எச்டிஆர் இல்லாத சாதாரண முறை) வைங்க. மத்த பெட்டிலயும் இதே மாதிரி செட்டிங் இருக்குதான்னு தேடுங்க. செயலி அதை மதிக்கலைன்னா கிரிக்கெட் பாக்கறப்ப மட்டும் கையால 50க்கு மாத்திக்கலாம்.

எச்டிஆரை எப்பவும் ஆன்ல வெச்சிருக்கறதையும் நிறுத்துங்க. சாதாரணப் படத்தைக் கூட பெட்டி எச்டிஆரா மாத்தி அனுப்பும், நெறம் கோணிப்போகும். 250, 300 நிட்ஸ் வெளிச்சம் இருக்கற டிவில படம் மங்கிப்போகும். எச்டிஆர் படத்துக்கு மட்டும் எச்டிஆர் போகோணும்.

#17 சேலத்து_மல்கோவா

படம் பின்னாடி வரும், வரும்ங்கறீங்களே, எதுல இருந்து வரும்னு பாத்தீங்களா?

டிஜிட்டல் காலத்துல 2கேல மாஸ்டர் பண்ணுன படத்துக்கு 2கேதான் மூலம், 2048 புள்ளி அகலம். அதை 4கேன்னு போடறது ஏத்திக் காட்டறதுதான். வித்தியாசமா, ஃபிலிம்ல எடுத்த பழைய படத்துக்குத்தான் நெசமான 4கேக்கு வழி இருக்குது. 35 எம்எம் நெகட்டிவ் நல்ல நெலைல இருந்தா 4கே ஸ்கேன்ல விவரம் இன்னும் கெடைக்கும்.

நெகட்டிவ் இருக்கோணுமே. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நூத்துக்கும் மேல படம் எடுத்த எடம், தமிழோட மொதல் முழுநீள வண்ணப் படம் 1956ல அங்க இருந்துதான் வந்துச்சு. கோயமுத்தூருல சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் இருந்துச்சு. இந்தப் படங்கள்ல இன்னைக்கு ஆன்லைன்ல கெடைக்கறது பெரும்பாலும் டிவிக்காக டேப்ல எறக்குன எஸ்டி நகல். மூலைல சேனல் லோகோ, மேலயும் கீழயும் வெட்டுன சட்டகம். அதை மென்பொருள்ல போட்டு "4கே ரீமாஸ்டர்"னு ஏத்தறாங்க. முடி எல்லாம் ஒயர் மாதிரி, தோலு பிளாஸ்டிக் மாதிரி. நெசமான ஸ்கேனா இருந்தா ஃபிலிமோட பொடித்துகள் தெரியும், பிரேம் ஓரம் வெட்டியிருக்காது. அதைப் பாத்துக் கண்டுபிடிங்க. அசிடேட் ஃபிலிம் புளிச்ச நாத்தம் அடிக்க ஆரம்பிச்சா அப்பறம் சுருங்கிச் சுருண்டுரும், ஸ்கேனர்ல ஏறாது. பெட்டி முந்திப் போனாப் பரவாயில்லை. ஸ்கேன் பிந்திப் போனா ஒன்னும் செய்ய முடியாது.

#18 சென்னிமலையான்

இந்த வாதத்தை ஏற்கிறேன். 8கேயையும் முடித்துவிடலாம். ஜப்பானில் என்எச்கே 2018 டிசம்பர் 1 முதல் 8கே செயற்கைக்கோள் ஒளிபரப்பு நடத்துகிறது. நம் ஊரில் காசு கட்டிப் பார்க்கும் ஓடிடியில் 8கே இல்லை. யூடியூபில் 2015இலிருந்து இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் மலையும் கடலும். 3 கோடியே 31 லட்சம் புள்ளிகளை இரண்டடி தூரத்திலிருந்து பார்க்கிறவர் யாரோ, அவர் வாங்கிக்கொள்ளட்டும்.

#19 நொய்யல்கரை

4கே சரி, 8கே வேண்டாம், கோடெக் பாக்கோணும். புரிஞ்சுதுங்க. கடைசியா ஒன்னு. நெறைய வீட்டுல இன்னும் 32 அங்குல டிவிதான். அதுக்கும் 4கே ஸ்டிக் வாங்கலாமா, இல்ல எச்டி ஸ்டிக் போதுமா?

#20 ஊத்துக்குளி_வெண்ணெய்

படத்துக்கு எச்டியே போதும். 32ல பெரும்பாலும் 1366×768 பேனல். டிவி 4கே இல்லைன்னு தெரிஞ்சா பெரும்பாலான செயலி 4கே ஓடைய கேக்கவே கேக்காது, அதனால @கிராஸ்கட் சொன்ன நெற லாபமும் கெடைக்காது.

ஆனா எச்டி ஸ்டிக்குல ரேம் பெரும்பாலும் 1 ஜிபி. ரெண்டு வருசத்துல செயலி எல்லாம் ஊதிப்போய் ரிமோட்ட அமுக்குனா மூணு நொடி கழிச்சு நகரும். 4கே ஸ்டிக்குல 2 ஜிபி இருக்கறதை எடுத்தா அந்த எரிச்சல் இல்லை, வைஃபையும் நல்லாருக்கும். வெலை வித்தியாசம் ஆயிரம், ரெண்டாயிரத்துக்குள்ள இருந்தா அதை எடுத்துருங்க. டிவி மாத்துனாலும் கூடவே வரும்.

மாட்டுனதும் டிவில படத்தோட அளவை "ஜஸ்ட் ஸ்கேன்" இல்லைன்னா "ஸ்க்ரீன் ஃபிட்"னு மாத்துங்க. 32 அங்குல டிவி பலதும் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டித்தான் காட்டும். சப்டைட்டில் கீழ் வரி காணாம போறது அதனாலதான். பெட்டில 720, 1080 ரெண்டையும் வெச்சுப் பாத்து எழுத்து எதுல தெளிவா இருக்குதோ அதுல விட்டுருங்க. ஒவ்வொரு பேனலுக்கு ஒவ்வொன்னு சேரும்.